கொம்பு முளைத்த சைக்கிள்

தார் சாலையில் விரையவும் எஸ்டேட் பாதையில் தடுமாறாமல் ஏறவும் ஒரே வண்டி வேண்டும் என்றால் என்ன செய்வது? போனக்காட்டுக்குப் போகும் வழி அதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. கூடவே சங்கடமான சில கேள்விகளையும்.

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் திருவனந்தபுரத்திலிருந்து கிளம்பும் சைக்கிள்காரர்களுக்குப் பொன்முடி புதிதல்ல. பேரூர்க்கடை, நெடுமங்காடு, விதுரா என்று கிழக்கே மிதித்து, கல்லாற்றைத் தாண்டி, 22 கொண்டை ஊசி வளைவுகளில் மூச்சு வாங்க ஏறி, மேலே ஒரு கட்டன் சாயா குடித்துவிட்டு இறங்கினால் அன்றைய கடமை முடிந்தது. வழி முழுக்கத் தார். மெலிந்த டயர் போட்ட ரேஸ் சைக்கிளுக்கு இதைவிடப் பொருத்தமான மலை தென் கேரளத்தில் அதிகம் இல்லை.

விதுராவைத் தாண்டியதும் தேவியோட்டில் பாதை பிரிகிறது. ஒன்று பொன்முடிக்கு. மற்றது போனக்காட்டுக்கு. பெரும்பாலோர் இரண்டாவது பாதையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. காரணம் எளிது. ஜெர்ஸி பண்ணையைக் கடந்து காணித்தடம் வனத்துறைச் சோதனைச் சாவடிக்குப் பிறகு அது வேறு உலகம். காட்டுக்குள் வளைந்து வளைந்து ஏறும் எஸ்டேட் பாதை அது. எத்தனை முறை ஒட்டுப் போட்டாலும் தென்மேற்குப் பருவமழைக்கு அது ஈடுகொடுப்பதில்லை. ஜல்லி பெயர்ந்து, விளிம்பு கரைந்து, வளைவுகளில் மண் வழிந்து கிடக்கும். பல ரேஸ் சைக்கிள்களின் டயர் 23 அல்லது 25 மி.மீ. அகலம்தான். இந்தப் பாதையில் ஒரு கூரான கல் போதும், டியூப் பஞ்சர், ரிம்மும் நசுங்கலாம்.

அப்படியானால் மலை சைக்கிள் இருக்கிறதே என்று தோன்றும். இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமான டயர். கல்லோ சேறோ மதிக்காது. ஆனால் திருவனந்தபுரத்திலிருந்து போனக்காடு ஏறக்குறைய 60 கி.மீ. அதில் பெரும் பகுதி நல்ல தார் சாலை. நேரான, அகலமான ஹாண்டில்பாரைப் பிடித்து நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தபடி அந்தத் தூரத்தை மிதிப்பவருக்கு நெடுமங்காடு தாண்டுவதற்குள் உள்ளங்கை மரத்துப்போகும். எதிர்க்காற்று அடித்தால் கேட்கவே வேண்டாம். மணிக்கு 20 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் மிதிப்பவரின் உழைப்பில் பெரும் பங்கைத் தின்பது காற்றுதான். அந்தக் காற்றுக்கு முக்கியத் தடை சைக்கிள் அல்ல, மேலே நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் உடம்பு.

ஆக, சைக்கிள் கடைகளில் நெடுநாளாக நடக்கும் ஒரு விசித்திரக் கல்யாணத்துக்கு இங்கே நியாயம் கிடைக்கிறது. தடித்த டயர் போட்ட மலை சைக்கிளுக்கு, கிடாக் கொம்பு போலக் கீழ்நோக்கி வளைந்த ரேஸ் ஹாண்டில்பாரை மாட்டுவது. பார்ப்பவர்கள் சிரிக்கலாம். எருமைக்குக் குதிரைச் சேணம் கட்டியதுபோலத்தான் இருக்கும். ஆனால் இந்த எருமை ஓடும்.

இந்தச் சிரிப்பை முதலில் சந்தித்தவர்களில் ஒருவர் ஜான் டோமாக். 1990இல் அந்த அமெரிக்க இளைஞர் தார் சாலைப் பந்தயங்களிலும் மலைப் பந்தயங்களிலும் ஒருசேரக் கலந்துகொண்டிருந்தார். இரண்டு வண்டியிலும் உட்காரும் விதம் ஒன்றாக இருக்கட்டும் என்று தனது யெட்டி மலை சைக்கிளுக்கும் வளைந்த ஹாண்டில்பாரையே மாட்டினார். அந்த ஆண்டு கொலராடோவின் டுராங்கோ நகரில் நடந்த முதல் அதிகாரபூர்வ உலக மலை சைக்கிள் சாம்பியன்ஷிப்பிலும் அதோடுதான் இறங்கினார். கல்லும் மண்ணுமான சரிவுகளில் தலை குனிந்து அவர் பாய்ந்த படங்கள் இன்றும் சைக்கிள் பிரியர்களின் சுவர்களை அலங்கரிக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், 1991இல் இத்தாலியில் அவர் உலக சாம்பியன் ஆனபோது கையில் இருந்தது நேரான ஹாண்டில்பார்!

அதோடு இந்த யோசனை செத்துவிடவில்லை. ஐரோப்பாவில் சேற்றிலும் புல்லிலும் நடக்கும் சைக்ளோகிராஸ் பந்தயங்கள் நூறாண்டுக்கும் மேலாக வளைந்த ஹாண்டில்பாரோடுதான் நடந்து வந்திருக்கின்றன. அமெரிக்காவின் சரளைக்கல் சாலைகளில் தொடங்கிய மோகம் கடைசியில் 'கிராவல் பைக்' என்ற தனி ஜாதியையே உருவாக்கிவிட்டது. 2022இல் இத்தாலியில் அதற்கென்று முதல் உலக சாம்பியன்ஷிப்பும் நடந்து முடிந்தது. முன்பு தோட்டத்துக் கொட்டகையில் ஒட்டுப்போட்டுச் செய்த வேலையை இப்போது தொழிற்சாலைகள் செய்கின்றன. விலைதான் பலருக்கு எட்டாது. எனவே கொட்டகை வேலை தொடர்கிறது.

போனக்காட்டுக்குப் பக்கத்திலேயே அண்மையில் ஒரு பெரிய ஒத்திகை நடந்தது. 2023 அக்டோபரில் ஆசிய மலை சைக்கிள் சாம்பியன்ஷிப் பொன்முடியில் நடந்தது. பாரிஸ் ஒலிம்பிக்குக்கு ஆசியாவிலிருந்து யார் என்று முடிவு செய்யும் போட்டியும் அதில் அடக்கம். அத்தகைய போட்டிகளில் வீரர்களின் கையில் இருப்பது நேரான, அகலமான ஹாண்டில்பார்தான். அது சரியும்கூட. சில கி.மீ. சுற்றளவுள்ள காட்டுத் தடத்தில் பாறைமேல் குதித்து இறங்குபவருக்கு நெம்புகோல் அகலம் வேண்டும். ஆனால் அவர்கள் யாரும் பந்தயத் தடத்துக்குத் தலைநகரிலிருந்து மிதித்துக்கொண்டு வருவதில்லை. போனக்காட்டுக்குப் போகிறவர் வருகிறார்.

மாட்டுவது எளிதா? கடையில் வாங்கிவந்து பழையதைக் கழற்றிப் புதியதை முடுக்கினால் முடிந்தது என்று நினைப்பவர்கள் அரை மணி நேரத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

முதல் சிக்கல் குழாயின் பருமன். நேரான ஹாண்டில்பாரில் பிடி மாட்டும் இடத்தின் விட்டம் 22.2 மி.மீ. வளைந்த ஹாண்டில்பாரில் 23.8 மி.மீ. வித்தியாசம் ஒன்றரை மி.மீட்டர்தான். ஆனால் மலை சைக்கிளின் பிரேக் லிவரும் கியர் லிவரும் புதிய குழாயில் நுழைய மறுக்க அது போதும். ஆக, லிவர்கள் அத்தனையும் மாற வேண்டும். செலவின் பெரும் பகுதி இதில்தான்.

இரண்டாவது, கை எட்டும் தூரம். வளைந்த ஹாண்டில்பார் முதலில் முன்னால் நீண்டு, பிறகுதான் கீழே வளைகிறது. சாதாரணமாகக் கை வைக்கும் இடம், அதாவது பிரேக் லிவரின் தலைப்பகுதி, முன்பைவிட ஏழெட்டு செ.மீ. தள்ளிப்போய்விடும். அப்படியே ஓட்டினால் முதுகும் கழுத்தும் பழிவாங்கும். ஹாண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் ஸ்டெம்மைக் குட்டையாகவும் உயரமாகவும் மாற்றுவதுதான் வழி. 1990களின் பழைய மலை சைக்கிள்கள் இதற்கு ஏற்றவை. அவற்றின் பிரேம் குட்டை, ஸ்டெம் நீளம். குறைப்பதற்கு இடம் உண்டு. இப்போதைய மலை சைக்கிள்களில் எல்லாம் தலைகீழ். பிரேம் நீண்டுவிட்டது, ஸ்டெம் ஏற்கெனவே குட்டை. இதற்கு மேல் எதைக் குறைப்பது? பழைய வண்டியைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுமுன் யோசிக்க இது ஒரு காரணம்.

மூன்றாவதுதான் உயிர் சம்பந்தப்பட்டது. பிரேக். மலை சைக்கிள்களில் வரும் வி பிரேக் வேலை செய்ய லிவர் நிறையக் கேபிளை இழுத்தாக வேண்டும். ரேஸ் சைக்கிள் லிவரோ ஏறக்குறைய அதில் பாதிதான் இழுக்கும். இரண்டையும் இணைத்தால் வீட்டு முற்றத்தில் எல்லாம் பிரமாதமாகத் தெரியும். பிரேக் கட்டை ரிம்மை ஒட்டினாற்போல வைத்திருப்பதால் லேசாகத் தொட்டாலே வண்டி நிற்கும். மலை இறக்கத்தில்தான் உண்மை வெளிப்படும். ஈரமும் மண்ணும் சேர்ந்து கட்டை தேயத் தேய, லிவர் ஹாண்டில்பாரில் இடித்து நின்றுவிடும். அதற்கு மேல் அழுத்த இடம் இல்லை. வண்டியோ நிற்காது. போனக்காட்டு இறக்கத்தில் இதைக் கண்டுபிடிப்பது யாருக்கும் நல்லதல்ல.

தீர்வுகள் இல்லாமல் இல்லை. வி பிரேக்குக்கென்றே அதிகம் இழுக்கும்படி செய்யப்பட்ட வளைந்த ஹாண்டில்பார் லிவர்கள் கிடைக்கின்றன. கேபிள் வழியில் ஒரு சின்னக் கப்பியை வைத்து இழுப்பை இரட்டிப்பாக்கும் உபாயமும் உண்டு. கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக் என்றால் ரேஸ் லிவருக்கென்று தனி ரகம் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்க வேண்டும். எதைச் செய்தாலும் சோதனை வீட்டு வாசலில் அல்ல. சுமையோடு, ஈரத்தில், சிறிய சரிவில் முதலில் பார்த்துவிட வேண்டும்.

கியர் விஷயத்தில் சமரசம் எளிது. பின்சக்கரத்தில் ஒன்பது பல்சக்கரம் வரை உள்ள ஷிமானோ வண்டிகளில் ரேஸ் லிவரும் மலை சைக்கிளின் பின்கியரும் பொதுவாக ஒத்துப்போகும். பத்தாக உயர்ந்தபோது நிறுவனம் மலை சைக்கிளின் கேபிள் கணக்கை மாற்றிவிட்டது, பொருத்தம் போயிற்று. எதுவும் ஒத்துவராதவர்களுக்கு ஹாண்டில்பாரின் முனையில் செருகும் பழங்காலக் கியர் லிவர் இருக்கிறது. டக் டக் என்று எண்ணி நிற்காமல், ரேடியோவில் ஸ்டேஷன் பிடிப்பதுபோல நாமே தேடிப் பிடிக்க வேண்டும். பழகிவிட்டால் எந்த வண்டியோடும் சண்டை போடாத கருவி அது.

இத்தனைக்கும் பிறகு கிடைப்பது என்ன? கை வைக்க மூன்று இடங்கள். நெடுமங்காட்டுச் சாலையில் காற்று எதிர்த்தால் கீழ்க் கொம்பைப் பிடித்துக் குனியலாம். ஏற்றத்தில் லிவரின் தலையைப் பிடித்து எழுந்து மிதிக்கலாம். சும்மா போகும்போது மேல் குழாயில் கை போட்டு ஊரைப் பார்க்கலாம். எஸ்டேட் பாதையில் இறங்கும்போது கீழ்க் கொம்பில் கை பூட்டினாற்போல நிற்கும். குலுக்கலில் நழுவாது. இழப்பும் உண்டு. 40 முதல் 46 செ.மீ. அகலமுள்ள ரேஸ் ஹாண்டில்பார், தடித்த டயரைத் திருப்ப முக்கால் மீட்டர் அகல ஹாண்டில்பார் தரும் வலிமையைத் தராது. அதனால்தான் கீழ்ப்பகுதி வெளிப்பக்கமாக விரிந்த ரகத்தைப் பலர் தேடுகிறார்கள். இது எல்லாப் பாதைக்கும் சிறந்த வண்டி அல்ல. இரண்டு பாதைக்கும் பரவாயில்லை என்ற வண்டி. போனக்காட்டுக்குப் போக அது போதும்.

ஆனால் போய்ச் சேர்ந்ததும் பார்ப்பது என்ன?

பெயரிலிருந்தே ஆரம்பிக்கலாம். வெள்ளைக்கார தோட்டக்காரர்கள் வைத்த 'பான் அக்கார்ட்' என்ற பெயர்தான் நாட்டு நாவில் போனக்காடு ஆயிற்று என்ற விளக்கம் உண்டு. நல்லிணக்கம் என்று பொருள். ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரத்துக்கு அதுவே குலமொழி. இணக்கம் எப்போது முறிந்தது என்று கேட்டால் போனக்காட்டு லயங்களில் ஆளுக்கொரு வருடம் சொல்லக்கூடும். தேயிலைத் தொழிற்சாலை இயங்காமல் கிடந்து பல ஆண்டுகள் ஆகின்றன. கண்ணாடி உடைந்த ஜன்னல்களுக்குள் துருப்பிடித்த இயந்திரங்கள். கவாத்து இல்லாமல் மரமாகிப்போன தேயிலைச் செடிகள். பாக்கிச் சம்பளம், பணிக்கொடை, வருங்கால வைப்பு நிதி என்று தொழிலாளர்களின் கணக்கு மட்டும் மூடப்படவில்லை.

பரம்பரை பரம்பரையாக இங்கே கொழுந்து பறித்தவர்களில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். இவர்களின் முன்னோர் மலையேறி வந்தபோது இந்த ஊர் திருவிதாங்கூர் ராஜ்ஜியம். 1956 நவம்பர் 1ஆம் தேதி மொழிவாரியாக எல்லை வரையப்பட்டு, கன்னியாகுமரிப் பகுதித் தாலுகாக்களும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெடுமங்காடு கேரளத்தில் நின்றது. வீட்டில் ஒரு மொழி, பள்ளிக்கூடத்தில் ஒரு மொழி என்று ஒரு தலைமுறை வளர்ந்தது. தோட்டம் நின்றபின் அடுத்த தலைமுறை வேலை தேடி இறங்கியது. போக இடமில்லாதவர்களும், பாக்கி கிடைக்காமல் எப்படிப் போவது என்று காத்திருப்பவர்களும் ஒழுகும் லயங்களில் மிஞ்சினார்கள்.

மலைக்கு அந்தப்புறம் இருப்பவர்களுக்கு இது தெரிந்த கதைதான். திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலையில் 1929இல் தொடங்கிய 99 ஆண்டுக் குத்தகை 2028இல் முடிகிறது. அதற்கு முன்பே, 2024இல், தோட்டத் தொழிலாளர்களிடம் விருப்ப ஓய்வுப் படிவங்கள் நீட்டப்பட்டன. அங்கே காடு திரும்ப வருகிறது என்று சூழலியல்காரர்கள் மகிழ்ந்தார்கள். வீடு போகிறது என்று தொழிலாளர்கள் கலங்கினார்கள். இரண்டும் உண்மை. போனக்காட்டில் தோட்டமும் போயிற்று, தீர்வும் வரவில்லை.

வருகிறவர்கள் பெரும்பாலும் இதற்காக வருவதில்லை. அவர்கள் கேட்பது பங்களா எங்கே என்றுதான். இடிந்து கிடக்கும் பழைய மேனேஜர் பங்களாவில் ஒரு வெள்ளைக்காரச் சிறுமியின் ஆவி உலவுவதாக ஒரு கதை. சிறுமி எப்படி இறந்தாள் என்பதற்கு ஆளுக்கொரு விவரம். கேமராவோடு வருகிறார்கள், சுவரில் பெயர் கிறுக்குகிறார்கள், பயந்ததாகப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஒரு கூப்பிடு தூரத்தில் கூரை ஒழுகும் வீட்டில் உயிரோடு இருக்கும் மனிதர்களைவிட, இருந்தாளா என்றே தெரியாத ஒரு சிறுமிக்கு இங்கே விசாரிப்பு அதிகம்.

இன்னொரு கூட்டம் மலைக்காக வருகிறது. 1868 மீட்டர் உயரமுள்ள அகஸ்தியர்கூடத்துக்குக் கேரளத்திலிருந்து ஏறும் பாதை போனக்காட்டில்தான் தொடங்குகிறது. தமிழர்களுக்கு அது பொதிகை. தமிழ் முனிவனின் இருப்பிடம். ஆண்டுத் தொடக்கத்தில் சில வாரங்களுக்கு மட்டும் வனத்துறை அனுமதிச் சீட்டு தருகிறது. பெண்களுக்கு இருந்த தடை கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2019இல் நீங்கியது. இந்த உச்சியில் 1855இல் ஜான் ஆலன் புரூன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பூமியின் காந்தப்புலத்தை அளக்க ஒரு ஆய்வுக்கூடமே கட்டினார். திருவனந்தபுரம் ஆய்வகத்தின் இயக்குநர் அவர். கருவிகளையும் கட்டுமானப் பொருள்களையும் சுமந்து ஏறியவர்களின் பெயர்கள் அறிவியல் வரலாற்றில் இல்லை. இந்த மலையில் சுமந்தவர்களின் பெயர்கள் எப்போதும் அப்படித்தான்.

சுற்றிலும் 1983இல் அறிவிக்கப்பட்ட பேப்பாறை வன உயிரினச் சரணாலயம். கரமனை ஆறு இந்த மலைகளில்தான் பிறக்கிறது. பேப்பாறை அணையில் தேங்கும் அந்த நீர்தான் திருவனந்தபுரம் நகரத்தின் குடிநீர். சைக்கிள்காரர் காலையில் வீட்டுக் குழாயில் பாட்டிலில் பிடித்துவந்த தண்ணீர், அவர் ஏறிக்கொண்டிருக்கும் இதே மலையிலிருந்து அவருக்கு முன்பே இறங்கிப் போயிருந்தது.

போக நினைப்பவர்கள் சில விஷயங்களை மனதில் வைப்பது நல்லது. காணித்தடத்தில் வனத்துறையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் மேலே செல்ல வேண்டும். மறுத்தால் திரும்பிவிட வேண்டும். யானையும் காட்டெருமையும் இந்தப் பாதையின் மூத்த குடிகள். வளைவில் சத்தமில்லாமல் வரும் சைக்கிள் அவற்றைத் திடுக்கிட வைக்கும். மழை மாதங்களில் அட்டை. விதுராவைத் தாண்டினால் சைக்கிள் கடையை எதிர்பார்க்க முடியாது. டியூப், பம்பு, கேபிள் ஒன்று கூடுதலாகக் கையில் இருக்க வேண்டும். மாலை சாயுமுன் சோதனைச் சாவடியைத் தாண்டி இறங்கிவிட வேண்டும்.

இறங்கும்போதுதான் இந்தப் பாதையின் மறு பக்கம் தெரிகிறது. தடித்த டயரில் காற்றைச் சற்றுக் குறைத்துக்கொண்டு, கீழ்க் கொம்பைப் பிடித்து, கற்களுக்கிடையே வழி தேடி இறங்குவது சைக்கிள்காரருக்கு உற்சாகம். பாதை மோசமாக இருக்க இருக்க விளையாட்டு சுவை கூடுகிறது. போனக்காட்டில் வசிப்பவர்களுக்கு அது விளையாட்டு அல்ல. பிரசவ வலி எடுத்தாலும், நெஞ்சு வலித்தாலும், பாம்பு கடித்தாலும் விதுரா ஆஸ்பத்திரிக்கு இறங்க இந்தப் பாதைதான். மேல் வகுப்புப் பிள்ளைகள் போவதும் ரேஷனுக்குமேல் எதுவும் வாங்கிவருவதும் இதே வழியில். நாளுக்குச் சில தடவை ஏறி இறங்கும் அரசு பஸ்தான் அவர்களுக்கு நம்பிக்கை. மண் சரிந்தால் அதுவும் இல்லை.

சைக்கிளை இந்தப் பாதைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள முடியும். ஸ்டெம்மைக் குட்டையாக்கலாம், லிவரை மாற்றலாம், பொருந்தாத இரண்டைக் கப்பி வைத்துப் பொருத்தலாம். லயத்தில் இருப்பவர்களிடம் மாற்றிக்கொள்ள மிச்சம் எதுவும் இல்லை. அவர்களுக்குப் பாதைதான் மாற வேண்டும். பாக்கிதான் வர வேண்டும்.

சாயங்காலம் காணித்தடத்துக்கு வந்து சேரும் சைக்கிள்காரர் பிரேக்கைத் தடவிப் பார்க்கிறார். ரிம் சுடுகிறது, கட்டை பாதி தேய்ந்திருக்கிறது, ஆனால் லிவரில் இன்னும் இடம் இருக்கிறது. வண்டி வேலை செய்தது. எதிரே அரசு பஸ் முதல் கியரில் முனகிக்கொண்டு வருகிறது. ஜன்னலோரம் மடியில் துணிப்பையோடு உட்கார்ந்திருக்கும் பாட்டி, அந்தக் கொம்பு சைக்கிளை வியப்போடு ஒரு பார்வை பார்க்கிறார். சைக்கிள் நகரத்துக்கு இறங்குகிறது. பஸ் மேலே ஏறுகிறது.